கிராதி சரியான விடைதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் குறுக்கெழுத்துப் புதிரைப் பல ஆண்டுகளாக விடாமல் நிரப்பி வருகிறேன். மூன்று வாரங்களுக்கு முன் வந்த புதிரில், மேலிருந்து கீழ் வரிசையில், 'மாடிப்படி ஓரத்தில் நிற்கும். காற்றை விடும், ஆளை விழ விடாது' என்று ஒரு குறிப்பு இருந்தது. மூன்று எழுத்து. நான் யோசிக்கவே இல்லை. 'கிராதி' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன். மறுவாரம் விடைப் பட்டியலிலும் அதுவே வந்தது. அதற்கடுத்த வாரம் வாசகர் ஒருவரின் கடிதத்தை வெளியிட்டிருந்தீர்கள். 'கிராதகன் என்றால் கொடியவன். கிராதி அதன் பெண்பால். மாடிப்படிக்கும் இந்தச் சொல்லுக்கும் என்ன தொடர்பு? கைப்பிடி என்றோ தடுப்பு என்றோ வந்திருக்க வேண்டும். அப்படியே வேறு பொருளில் ஒரு கிராதி இருந்தாலும் அது தமிழ் இல்லை' என்பது அவர் வாதம். அதன் கீழே 'பிழைக்கு வருந்துகிறோம்' என்று ஆசிரியர் குழுவின் ஒற்றை வரி.

அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பிழை எதுவும் நடக்கவில்லை, ஐயா. குறிப்பும் சரி, விடையும் சரி. கைப்பிடி என்றாலும் தடுப்பு என்றாலும் நான்கு எழுத்து, கட்டமோ மூன்று.

41 ஆண்டுகள் கிராதி செய்து குடும்பம் நடத்தியவன் நான். என் அப்பா மரத்தில் செய்தார், நான் இரும்பில் செய்தேன். 'கிராதியைத் திருப்பிப் போடு', 'கிராதிக்கு இன்னும் ஒரு பூச்சு அடி', 'கிராதியை வண்டியில் ஏற்றியாகிவிட்டதா?' என்று நாள் முழுவதும் பட்டறையில் இந்தச் சொல் புழங்கும். கண் மங்கியதால் இப்போது பட்டறைக்குப் போவதில்லை. ஆனாலும் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கை போவது அங்கே இருக்கும் கிராதிக்குத்தான். ஒரு முறை பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் படி ஏறுவேன்.

கிராதி என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பியையோ மரச்சட்டத்தையோ நெடுக்கிலும் குறுக்கிலும் வைத்து, நடுவே இடைவெளி விட்டு அடைப்பது கிராதி. ஜன்னலில் இருந்தால் ஜன்னல் கிராதி. மாடிப்படி ஓரத்தில் இருந்தால் படிக்கட்டுக் கிராதி. செடியைச் சுற்றி ஆடு கடிக்காமல் வைத்தாலும் கிராதிதான். பார்வை போகும், காற்று போகும், வெளிச்சம் போகும். ஆள் போக முடியாது. இந்த நான்கும் சேர்ந்தால்தான் கிராதி. ஜன்னலுக்கு மட்டுமே உரிய சொல் இது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் வீட்டில் மாடி இல்லாமல் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

கைப்பிடி வேறு. கிராதியின் உச்சியில், கை பற்றிக்கொண்டு ஏறுவதற்காகச் சாய்வாக ஓடும் கட்டையோ குழாயோதான் கைப்பிடி. கிராதியே இல்லாமல், சுவரில் தாங்கிகளை அடித்து அதன்மேல் ஒரு குழாயை மட்டும் ஓடவிட்டாலும் அது கைப்பிடிதான். கைப்பிடிச் சுவர் என்பது மூன்றாவது பொருள். செங்கல்லில் இடுப்பளவுக்குக் கட்டுவது. மொட்டைமாடியைச் சுற்றியும் கிணற்றைச் சுற்றியும் நிற்பது அதுதான். சில வீடுகளில் மாடிப்படிக்கும் அப்படியே கட்டிவிடுவார்கள். ஆக, கைப்பிடி ஏறுகிறவர் கைக்கு. கைப்பிடிச் சுவரும் கிராதியும் விழுகிற உடம்புக்கு. சுவரில் இடைவெளி இல்லை, கிராதியில் உண்டு. கிராதிக்காரன் வேலையெல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இதை ஒரு சொல் விளையாட்டாக நினைத்து நான் எழுதவில்லை. என் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு நாள் மாலை, பட்டறையை மூடும் நேரம். தொலைபேசி அடித்தது. சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்து கொடுத்த வீட்டு இளைஞர். மூச்சு வாங்குகிறது. 'ஐயா, பையன் மாடிப்படிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டான், உடனே வாருங்கள்' என்றார். அந்த வீட்டில் கீழ்த்தளத்திலிருந்து ஏழெட்டுப் படிக்குச் சுவர்ப் பக்கம் குழாய்க் கைப்பிடி ஒன்றும் போட்டிருந்தேன். குழாய்க்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருக்கும். குழந்தையின் கை அதற்குள் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். தாங்கியைக் கழற்றினால் போதும். திருப்புளியையும் ஒரு ஸ்பேனரையும் எடுத்துப் பையில் போட்டேன். தொலைபேசியை வைக்கப் போகும்போது அந்தப் பக்கம் குரல் மாறியது. வீட்டில் இருந்த வயதான அம்மா. 'தம்பி, கிராதியில் தலை மாட்டிக்கொண்டது. காது இந்தப் பக்கம் வந்துவிட்டது, திரும்பிப் போக மாட்டேன் என்கிறது' என்றார்.

கிராதி என்ற அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. திருப்புளியைத் திரும்ப வைத்துவிட்டு, இரும்பு அறுக்கும் வாளும் இரண்டு புதிய பிளேடுகளும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

போய்ப் பார்த்தால் பையனுக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை. படியில் குப்புறப் படுத்த மாதிரி கிடக்கிறான். தலை வெளியே, உடம்பு உள்ளே. பாட்டி இரண்டு படி கீழே நின்று, கிராதிக்கு வெளிப்பக்கத்திலிருந்து கையை நீட்டி, அவன் தாடையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டிருந்தார். மின்சாரத்தில் ஓடும் அறுப்பான் இருந்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் தீப்பொறி குழந்தையின் கண்ணில் தெறிக்கும். அதனால் கைவாள். ஈரத்துணியை நான்காக மடித்து அவன் கழுத்துக்கும் கம்பிக்கும் நடுவே செருகினேன். கம்பியின் அடியில், பற்றவைத்த இடத்துக்கு மேலே அறுக்கத் தொடங்கினேன். 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி. வாள் போய்வரும் சத்தத்தில் பையன் அலற ஆரம்பித்தான். பாட்டி, 'எத்தனை தடவை இழுக்கிறார் என்று எண்ணு பார்ப்போம்' என்றார். அவனுக்குப் பத்து வரைதான் எண்ணத் தெரியும். பத்து முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான். எத்தனை பத்து போயிற்று என்று எனக்குத் தெரியாது. கம்பி விட்டுக்கொடுத்ததும் அதை ஓரமாக வளைத்தேன். பாட்டி தலையைத் தாங்கி உள்ளே தள்ள, நான் தோளைப் பிடித்து இழுத்தேன். காதுமடலில் ஒரு சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை.

அந்தக் கிராதி என் கையால் செய்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பழைய கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். 'மாடிப்படிக்குக் கைப்பிடி' என்றுதான் அவர்கள் சொன்னபடியே எழுதி வைத்திருந்தேன். கைப்பிடிதானே கேட்டார்கள் என்று, அதைத் தாங்குவதற்கு வேண்டிய கம்பியை மட்டும் கணக்குப் போட்டிருக்கிறேன். படிக்கு 2 கம்பி. படியின் அகலம் 26 சென்டிமீட்டர். ஆக, கம்பிக்குக் கம்பி 13; கம்பியின் கனம் போக இடைவெளி கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர். சின்னக் குழந்தையின் உடம்பு அதில் நுழையும். தலை ஒரு கோணத்தில் நுழையும், மறுகோணத்தில் திரும்பாது. படிக்கு 3 கம்பி போட்டிருந்தால் இடைவெளி 7.5 சென்டிமீட்டர்தான் இருந்திருக்கும், எதுவும் நடந்திருக்காது. பிரிட்டனில் குழந்தைகள் புழங்கும் வீட்டுப் படிக்கட்டுக்கு இதையே விதியாக வைத்திருக்கிறார்கள்: 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டை கம்பிகளுக்கு நடுவே எங்கும் நுழையக் கூடாது. அப்பாவின் காலத்தில் அந்த விதியெல்லாம் எங்கள் பட்டறைக்குத் தெரியாது. ஆனால் அவர் தன் கைமுட்டியைக் கிராதியின் இரண்டு மரக்கால்களுக்கு நடுவே வைத்துப் பார்ப்பார். முட்டிக்கு இரு புறமும் அதிகம் இடம் இருந்தால் 'கிராதி வாயைத் திறக்கிறது' என்பார். அவரிடம் யாரும் வந்து கைப்பிடி கேட்டதில்லை. கிராதி வேண்டும் என்றுதான் கேட்டார்கள். கிராதி என்று கேட்டதும் அவர் நினைப்பு முதலில் கம்பிக்கும் இடைவெளிக்கும் போனது. கைப்பிடி என்று கேட்டதும் என் நினைப்பு மேலே ஓடிய குழாயோடு நின்றுவிட்டது. மறுநாளே அந்த வீட்டுக்குப் போய், முழுக் கிராதியையும் கழற்றி, படிக்கு 3 கம்பி வைத்துச் செய்து கொடுத்தேன். அன்றிலிருந்து, யார் கைப்பிடி என்று கேட்டாலும், 'கைப்பிடி மட்டுமா, கிராதியா?' என்று திருப்பிக் கேட்காமல் அளவு எடுத்ததில்லை.

இப்போது அந்த வாசகரின் வாதத்துக்கு வருகிறேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கிராதன் என்ற சொல் உண்மையில் உண்டு. வேடன் என்று பொருள், வடமொழியிலிருந்து வந்தது. சிவபெருமான் வேடனாக வந்து அர்ச்சுனனோடு மோதிய கதையில் அவருக்குக் கிராதன் என்றே பெயர். கிராதகன், கிராதகி என்று நாம் திட்டுவதற்குப் பயன்படுத்துவதும் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் மாடிப்படியில் நிற்கும் கிராதிக்கும் அந்தக் கிராதனுக்கும் எந்த உறவும் இல்லை. ஒலி ஒன்றாக இருப்பது தற்செயல். தமிழில் இப்படி எத்தனையோ உண்டு. பாயசத்தில் போடும் ஏலமும், கூவி விற்கும் ஏலமும் ஒரே சொல்லா? முன்னது செடி. பின்னது போர்த்துகீசியரின் 'லெய்லாவ்' என்ற சொல் நம் வாயில் மாறி வந்தது. ஒன்றைச் சொன்னால் இன்னொன்றோ என்று யாரும் குழம்புவதில்லை.

கிராதியும் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்ததுதான். அவர்கள் மொழியில் 'கிராதெ' என்றால் கம்பி அடைப்பு. கடிதம் வெளிவந்த மறுநாள் நூலகத்துக்குப் போய், இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் புரட்டினேன். அந்தப் போர்த்துகீசியச் சொல்லுக்கு மூலம் லத்தீன். 'கிராதிஸ்' என்பது அங்கே மூலச்சொல். மிலாறுகளை, அதாவது மெல்லிய குச்சிகளை, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிச் செய்த தட்டி என்று அதற்குப் பொருள். படித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நம் ஊர்ப்புறங்களில் ஆட்டுப்பட்டிக்கும் வேலி வாயிலுக்கும் முள்ளையும் மிலாறையும் பின்னிக் கட்டுகிறோமே, படல் என்று, அதுவேதான்! படலைத்தான் எங்கோ தொலைவில் ஒருவர் ஒரு பெயரிட்டு அழைத்திருக்கிறார். அது பின்னர் மரமாகி, இரும்பாகி, கப்பலேறி நம் மாடிப்படிக்கு வந்து நின்றிருக்கிறது.

இன்னொன்றும் அப்போது தெரிந்துகொண்டேன். கிராதி என்றால் புரியாது என்று சொல்லிவிட்டு இப்போது எல்லோரும் 'கிரில்' என்கிறார்கள் அல்லவா? கிரில் என்பதும் அந்த லத்தீன் 'கிராதிஸ்' வீட்டுப் பிள்ளைதான். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் அங்கிருந்து நம்மிடம் வந்தது. கிராதி போர்த்துகீசியம் வழியாக நேரே வந்தது. அக்காவை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டு அவள் தங்கையைக் கூட்டிவந்து வைத்திருக்கிறோம். ரெயிலிங் என்பது வேறு குடும்பம். நேரான கோலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நீளமாக ஓடும் ஒற்றைச் சட்டத்துக்கு அது பொருந்தும், பின்னலுக்குப் பொருந்தாது.

சொல்லிக்கொண்டே போகும்போது அப்பாவின் நினைவு வருகிறது. அவர் கடைசல் வேலைக்காரர். கிராதிக்கு நிறுத்தும் ஒவ்வொரு மரக்காலையும் கடைசல் பட்டறையில் சுழலவிட்டு, உளியை வைத்து, நடுவே ஒரு புடைப்பு விட்டு இழைப்பார். அந்தப் புடைப்பைக் 'குடம்' என்பார். குடத்துக்கு மேலே கழுத்து, அதன் உச்சியில் கழுந்து. கழுந்து மேல்சட்டத்துத் துளையில் இறுக்கமாகப் போய் உட்கார வேண்டும். சுத்தியல் படாமல் உள்ளங்கையால் தட்டியே இறங்க வேண்டும். மேல்சட்டம் படியோடு சாய்ந்து போகும். ஆனால் கால்கள் மட்டும் நூல் பிடித்த மாதிரி செங்குத்தாக நிற்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு காலுக்கும் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார். மட்டம் பார்க்க ரசமட்டம் வந்த பிறகும் அவர் குண்டைக் கைவிடவில்லை. குடம் வைத்த அந்தக் காலுக்கு இத்தாலியில் மாதுளம்பூவின் பெயர் என்பது அவருக்குத் தெரியாது. பாதி விரிந்த காட்டு மாதுளம்பூவைப் போல அடி பருத்து மேலே சிறுத்திருப்பதால் அங்கே அப்படிப் பெயரிட்டார்களாம். ஆங்கிலத்தில் பலுஸ்டர் என்பதும், அது சிதைந்து உண்டான பானிஸ்டர் என்பதும் அந்தப் பூவின் பெயர்தான். அப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். அவருக்குப் பூ வேலையில் பிரியம் அதிகம்.

'தமிழ் இல்லை' என்ற வாதம்தான் மிச்சம். போர்த்துகீசியர் 1498-இல் கடல்வழியாக மலபார்க் கரைக்கு வந்தார்கள். அடுத்த நூற்றாண்டிலேயே முத்துக்குளித்துறைக் கரையெங்கும் அவர்களுடைய பழக்கம் வந்துவிட்டது. 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் நூல் அச்சிட்டதும் அவர்களுடைய பாதிரியார்கள்தான். அந்தப் பழக்கத்தில் நம் வீட்டுக்குள் வந்த சொற்களைப் பாருங்கள். ஜன்னல், அலமாரி, மேசை, சாவி. இவற்றை எடுத்துவிட்டு ஒரு வீட்டைப் பற்றி ஒரு பத்தி எழுத முடியுமா? தங்கள் புதிரிலேயே 'கிராதி'யின் நடு எழுத்தான 'ரா'வைக் குறுக்கே வெட்டிய சொல் வராந்தா. அதுவும் அதே கப்பலில் வந்ததுதான். அதைப் பற்றி யாரும் கடிதம் எழுதவில்லை. வராந்தா இன்றும் வாயில் புழங்குகிறது, கிராதி குறைந்துபோய்விட்டது. வித்தியாசம் இவ்வளவுதான். புழக்கம் குறைந்ததால் ஒரு சொல் அயலாகிவிடாது.

அது நம் மொழிக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒட்டி நின்ற இரண்டு மெய்யும் நமக்கு ஒத்துவராது என்று, கிராமத்துக்குச் செய்தது போலவே இதற்கும் அவற்றின் நடுவே ஓர் இகரத்தை ஏற்றிவிட்டோம். கிராதியை, கிராதியில், கிராதிக்கு என்று வேற்றுமை உருபு தடங்கலில்லாமல் சேர்கிறது. இரும்புக் கிராதி, படிக்கட்டுக் கிராதி, கிராதிக் கதவு, கிராதிக் கம்பி என்று வல்லினம் மிகுந்து புணர்கிறது. கிராதி போடலாம், அடைக்கலாம், கிராதியில் சாயலாம், கிராதியைப் பிடித்து ஏறலாம். ரெயிலிங்கை வைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்ய நாக்கு எவ்வளவு முரண்டு பிடிக்கிறது! 400 ஆண்டுக்கு மேல் குடியிருந்து, நம் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டு நடந்துகொண்ட சொல்லுக்கு இன்னும் என்ன சான்று கேட்பது?

தூய தமிழ்ச்சொல்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. அளி என்றும் அழி என்றும் பழைய சொல் உண்டு. கிராதி என்றே பொருள். மலையாளத்தில் ஜன்னல் கம்பிக்கும் சிறைக் கம்பிக்கும் இன்றும் அழி என்கிறார்கள். நமக்கு அது பிழைத்திருந்தால் நான் மகிழ்ச்சியோடு அதையே சொல்லியிருப்பேன். ஆனால் அளி என்றால் கொடு, அருள், வண்டு என்று ஏற்கெனவே பல பொருள். அழி என்றாலோ கேட்கவே வேண்டாம். 'படிக்கட்டு அழி' என்று செய்தித்தலைப்பில் போட்டால் படிக்கிறவர் பதறுவார். இந்த நெருக்கடியில்தான் கிராதி நமக்குக் கைகொடுத்தது என்பது என் எண்ணம். பொருள் தெளிவு, ஒலி எளிமை, வேறெதோடும் குழப்பம் கிடையாது. மேலே சொன்ன கிராதகியோடு குழப்பிக்கொள்ளாதவரை.

'தடுப்பு' என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சென்ற மாதம் தங்கள் நாளிதழில் 'மாடிப்படித் தடுப்பு உடைந்து முதியவர் காயம்' என்று ஒரு செய்தி. முழுவதும் படித்தேன். உடைந்தது சுவரா, குழாயா, கம்பியா என்று கடைசி வரை தெரியவில்லை. செங்கல் சுவர் என்றால் கட்டிய கொத்தனார் வேலையில் குறை. சுவரில் அடித்த தாங்கி பிடுங்கிக்கொண்டது என்றால் ஆணி போதவில்லை. கிராதி என்றால் அடிக்கம்பி துருப்பிடித்திருக்கும். மழைநீர் படியில் தேங்கி, கம்பி தரையோடு சேரும் இடத்தில்தான் முதலில் அரிக்கும், மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும். செய்தியில் கிராதி என்ற சொல் இருந்திருந்தால், படித்த எத்தனை பேர் தங்கள் வீட்டுக் கிராதியின் அடியைக் குனிந்து பார்த்திருப்பார்கள்! தடுப்பு என்றதும் சாலையில் போலீசார் நிறுத்தும் தடுப்பு, ஆற்றில் கட்டும் தடுப்பணை, நோய்த் தடுப்பு எல்லாம் கலந்து, ஒன்றும் கண்ணில் நிற்காமல் போய்விடுகிறது. அந்த முதியவர் எதைப் பிடித்துக்கொண்டு விழுந்தார் என்பது தெரிந்தால்தானே அந்தச் செய்தியால் இன்னொருவருக்குப் பயன்?

தலைப்பில் இடம் போதாது என்றும் சொல்ல முடியாது. கிராதி மூன்றே எழுத்து.

தாங்கள் இரண்டு காரியம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வரும் ஞாயிறு இணைப்பில், புதிர்ப் பகுதிக்குக் கீழேயே, அந்த வருத்தத்தைத் திரும்பப் பெற்று, கிராதி சரியான விடை என்று ஒரு வரி போடுங்கள். அந்தப் புதிரை உருவாக்கியவர் யாரோ எனக்குத் தெரியாது. ஆனால் 'காற்றை விடும், ஆளை விழ விடாது' என்று எழுதியவர் கிராதியைக் கையால் தொட்டுப் பழகியவர். அவர் மனம் நொந்திருக்கக் கூடாது. அடுத்தது, தங்கள் செய்தியாளர்களுக்கும் பிழை திருத்துவோருக்கும் இந்த மூன்று சொற்களின் வேறுபாட்டைச் சொல்லிவையுங்கள்: கைப்பிடி, கைப்பிடிச் சுவர், கிராதி. எது உடைந்ததோ அதன் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

அந்தப் பையன் இப்போது கல்லூரிக்குப் போகிறான். வழியில் பார்த்தால் நின்று பேசுவான். அவன் காதுமடலில் சிராய்ப்பு இருந்த இடம் எது என்று எனக்கு மட்டும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாத அளவுக்கு ஆறிவிட்டது. போன வாரம் பார்த்தபோது புதிர் விஷயத்தைச் சொன்னேன். 'எங்கள் பாட்டி கடைசி வரை கிராதி என்றுதான் சொல்வார்கள், தாத்தா. நானும் அப்படித்தான் சொல்கிறேன்' என்றான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கிராதிப் பட்டறைக்காரர்